எந்தப் பாதையால் போனார்

“புருசன் வெளிக்கிடேக்கை எங்கை எண்டு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதோ உமக்கு?”

“வெளிக்கிடுற ஆளை எங்கை எண்டு கேக்கிறதோ மச்சாள்? நீங்கள்தானே எனக்கு—”

“நான் சொன்னது ஊரிலை, நீர் கலியாணம் கட்டி வந்த நேரம்—”

“அங்கை கேக்கக் கூடாதது இஞ்சை கேக்கலாமோ?”

“கத்தாதையும். சனம் பாக்குது.”

சனம் பார்த்துக்கொண்டுதான் நின்றது. ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணி நேரம் வடக்கே, ஒரு பனிமலையின் அடிவாரத்து மரக்கொட்டிலில் இருந்தோம். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம். ஐந்து மாதம் வீட்டுக்குள்ளே அடைபட்டுக் கிடந்தால் மூளை கலங்கிவிடும் என்று, எமில்டா ரீச்சர் ஒரு ஸ்கூல் பஸ்ஸைப் பிடித்து எங்கள் கட்டடத்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். பிள்ளைகள் மலையில் சறுக்கி விளையாட, பெரியவர்கள் ரெனிஸ் மட்டை போலொன்றைச் சப்பாத்தில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் பனியில் நடக்கலாம். பச்சை, நீலம், கறுப்பு என்று மூன்று பாதைகள். போகிறவர் தன் பெயர், போகும் பாதை, திரும்பும் நேரம் மூன்றையும் வாசல் பலகையில் எழுதவேண்டும்.

என் கணவர் சண்முகலிங்கம் ஒன்றும் எழுதவில்லை. பதினொன்றரைக்குப் போனவர். இப்போது மூன்றே முக்கால். நாலரைக்கு பஸ். ஐந்தரைக்கு இருட்டிவிடும். மச்சாள் கமலாம்பிகை அவருடைய அக்கா. பதறும்போது ஆளைப் பிடித்துத் திட்டினால்தான் அவவுக்கு ஆறும்.

சிவப்பு ஜக்கெற் போட்ட மலைக் காவலர் ஒருவர் குறிப்புப் புத்தகத்தோடு வந்தார். ரீச்சர் இடையில் நின்று மொழிபெயர்த்தார்.

“எந்தப் பாதையாலை போனவராம்?”

“தெரியாது ரீச்சர்.”

“நீங்கள் கேக்கேல்லையோ எண்டு கேக்கிறார்.”

“‘தூரவோ’ எண்டு கேட்டனான். ‘இல்லை, கிட்டத்தான்’ எண்டார்.”

ரீச்சர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். காவலர் என்னைப் பார்த்தார், சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

“கிட்ட எண்டால் எந்த நிறம் எண்டு கேக்கிறார்.”

“வெளிக்கிடுற ஆளை எங்கை எண்டு கேட்டால் போற காரியம் சரிவராது எண்டு சொல்லுங்கோ.”

“அதை நான் இவருக்கு என்னெண்டு விளங்கப்படுத்திறது, இராஜேஸ்வரி? சேர்ச்சுக்குப் போற நாங்கள் வேதக்காரரும் இதைத்தான் செய்யிறனாங்கள். ஏனெண்டு எனக்கே தெரியாது.”

காவலர் ஏதோ எழுதினார்.

“என்ன எழுதுறார்?”

“மனிசிக்குத் தெரியாது எண்டு.”

இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்ததற்கு மேலே ஒருவர் பேனையால் கோடு கிழித்தது போல இருந்தது.

“ஆளின்ரை அடையாளம்?”

“நீல ஜக்கெற். தோளிலை மஞ்சள் கோடு.”

காவலர் நிமிர்ந்து கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். ஏழு நீல ஜக்கெற், ஏழு மஞ்சள் கோடு. அஜின்கோர்ட்டில் மலிவு விற்பனை என்று எங்கள் மாடிச் சிவபாதம் முழுக் கட்டடத்தையும் கூட்டிக்கொண்டு போய் வாங்க வைத்தது.

“அண்ணையை நான் நீலப் பாதையிலை கண்டனான்” என்றாள் பக்கத்து வீட்டு பேபி.

“முகத்தைக் கண்டனீரோ?” என்றா மச்சாள்.

“முதுகுதான்.”

“பச்சையிலை ஐயா, பச்சையிலை!” என்றார் மகேஸ்வரன். “நான் கை காட்ட அவரும் திருப்பிக் காட்டினவர்.”

“அது நானடாப்பா” என்றது மூலையிலிருந்து இன்னொரு நீல ஜக்கெற்.

எல்லோரும் எல்லா இடத்திலும் அவரைக் கண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க எனக்கே அவர் முகம் கலங்கிப்போய், மஞ்சள் கோடு மட்டும் நின்றது. அப்போது வெளியே பனியில் ஓடுகிற மோட்டார் வண்டி ஒன்று வந்து நின்றது. பின்னால் நீல ஜக்கெற். நான் கையுறை போடாமலே ஓடினேன்.

இறங்கியது சிவபாதம்.

“சும்மா நடந்துகொண்டு நிண்ட என்னை ஏன் பிடிச்சுக்கொண்டு வந்தவங்கள்?”

“உன்னை ஆர் தேடினது?” என்று மச்சாள் அழத் தொடங்கினா. “எல்லாருக்கும் ஒரே உடுப்பை மாட்டிவிட்டு நீ வந்து இறங்கிறியோ!”

“அக்கா, விலையிலை அறுபது வீதம் கழிவு குடுத்தவங்கள்!”

நான் யாரோடு கோபிப்பது? சிவபாதத்தோடா, மச்சாளோடா, அல்லது காலையில் எங்கே என்று கேளாமல் தொப்பியை மட்டும் எடுத்துக் கொடுத்த என்னோடா?

காவலரின் வோக்கிடோக்கி கரகரத்தது. ரீச்சர் காதைக் கிட்டக் கொண்டுபோனார்.

“கறுப்புப் பாதை. உச்சியிலை. பெயரும் சொல்லியிருக்கிறார், சண்முகலிங்கம்தான். சுகமாய் இருக்கிறாராம்.”

“வழி மாறிப் போட்டாரோ?”

“இல்லையாம். வழி தெரியுமாம். அங்கை போட்டிருக்கிற ஒரு மர வாங்கிலை இருந்தவராம்.”

“இவ்வளவு நேரமுமோ?”

“ஓமாம். வண்டியிலை ஏறச் சொன்னால் மாட்டாராம்.”

“ஏனாம்?”

“இன்னும் கொஞ்ச நேரம் இருக்கப் போறாராம். பஸ்ஸைப் போகச் சொல்லட்டாம்.”

மச்சாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. நான் ரீச்சரைப் பார்த்தேன். பகலில் மிசிசாகாவில் பெட்டி அடுக்கி, பின்னேரம் ஒரு கொம்பனிக் கந்தோரில் நிலம் துடைக்கிற மனிதர். கனடா வந்த ஏழு வருடத்தில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால்கூடக் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்து நான் கண்டதில்லை. வாங்கிலே இருந்தார் என்றால் எப்படி இருந்தார்? எதைப் பார்த்துக்கொண்டு? காணாமல் போகாத மனிதரைக் கண்டுபிடித்தால் சந்தோசப்படுவதா?

“அஞ்சு மணிக்கு மேலை மலையிலை ஆரையும் விடமாட்டினமாம்” என்றார் ரீச்சர். “நீங்கள் சொன்னால் கேப்பாரோ எண்டு கேக்கிறார்.”

வெளியே பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். காவலர் வோக்கிடோக்கியை என் கையில் வைத்து, அழுத்தவேண்டிய இடத்தில் என் பெருவிரலைப் பிடித்து வைத்தார். கொட்டில் முழுக்க என்னைச் சுற்றிக் கூடியது. திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

“இஞ்சேருங்கோ, நான்தான்... பஸ் வெளிக்கிடப் போகுது. நான் ஏறவோ, நிக்கவோ?”