எடைக்காசு

எனக்கு நிச்சயமான நம்பிராஜன் வீட்டிலிருந்து பரிசமாக வந்த, ராணி தலை போட்ட பதினொரு வெள்ளி ரூபாயும் கள்ளக்காசு என்று பிரம்மநாயகம் மாமா சொன்னபோது எனக்கு முதலில் கோபம் வரவில்லை. ஏதோ தூக்கத்தில் கேட்பதுபோல இருந்தது. ஐந்து நாளாக அவற்றைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தவள் நான். பக்கத்துத் தகரப்பட்டறை தொடங்குமுன், விடியலில், ஒன்றை விரல்நுனியில் நிறுத்தி நகத்தால் தட்டுவேன். ணிங்கென்று எழும் ஓசை கூரையைத் தாண்டி, டிராம்பேயில் நம்பிராஜன் வேலை பார்க்கும் எண்ணெய்க் கம்பெனிவரை போகிற மாதிரி இருக்கும். அவரை ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். அதுவே போதுமாக இருந்தது.

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெள்ளி என்றால் பிரம்மநாயகம் மாமாவின் தராசுதான். சர்க்கார் கிராமுக்கு மாறி இரண்டு வருஷமாகியும், ஒரு ரூபாய் எடைக்கு அவர் வைப்பது தன்னிடமிருந்த பழைய ராணிக்காசைத்தான். எதிர்த்தட்டில் என் காசுகளை ஒவ்வொன்றாக வைத்தார். பதினொரு தடவையும் என் தட்டுதான் இறங்கியது.

“எடை கூட நிக்கி, பாரும். உள்ள ஈயம் அடைச்சிருக்கான்.”

“தட்டிப் பாத்தியளா மாமா?” என்றேன்.

“இந்த இரைச்சல்ல என்னத்தத் தட்ட?”

பக்கத்துப் பட்டறையில் எண்ணெய் டின்களை அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். என் அப்பா செல்லப்பாண்டி காசுகளைத் துணியில் முடிந்தார். “இப்பமே போயி அவன் மூஞ்சியில எறிஞ்சிட்டு வாரேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம்.”

அப்போதுதான் கோபம் வந்தது.

“கள்ளக்காசு அடிக்கவன் என்ன தாராளப் பிரபுவா? பதினொண்ணுலயும் ஒரே மாதிரி கூடுதலா வைப்பானா?”

கல்யாணப்பெண் இவ்வளவு பேசக்கூடாதென்று அப்பாவின் பார்வை சொன்னது. நான் நகரவில்லை. “ஒரு மணிச் சாப்பாட்டுச் சங்கு ஊதட்டும்,” என்றேன்.

ஊதியது. சுத்தியல்கள் நின்றன. தராசுத் தட்டில் வெயில் தளும்பிக்கொண்டிருந்தது. தாராவி தண்ணீருக்கடியில் போய்விட்டதுபோல ஒரு அமைதி. முடிச்சிலிருந்து ஒரு காசை எடுத்துத் தட்டினேன். ணிங். அது அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அதுவரை மூன்று பேரும் அசையவில்லை.

“உங்க காசையும் தட்டுங்க மாமா.”

சிரித்துக்கொண்டே எடுத்தார். எடைக்கு வைத்தாரே தவிர, அதை அவர் ஒருநாளும் சோதித்ததில்லை. தட்டினார். டொக். மறுபடி தட்டினார். டொக். எடை குறைந்து நின்றது அவர் காசுதான்.

“கல்யாணத்தன்னைக்கு மாமனாரு கையில வச்சுக் குடுத்தது,” என்றார் கடைசியில். “முப்பத்திரண்டு வருசம். சொர்ணத்துகிட்ட மட்டும் சொல்லிராதிய.”

அப்பா முடிச்சை என் கையில் கொடுத்தார். உள்ளேயிருந்து மாமாவின் மனைவி சொர்ணம்மாள் அத்தை சாப்பிடக் கூப்பிட்டாள். மாமா அந்தக் காசைத் தராசில் வைக்கவில்லை, எறியவும் இல்லை. வேட்டியில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “இந்தா வந்துட்டேன்” என்று எழுந்து போனார்.

எனக்கு ஜெயித்த சந்தோஷம் நிலைக்கவேயில்லை. நம்பிராஜனின் காசு அப்படி டொக்கென்று விழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? எனக்குச் சட்டைப்பை கிடையாது. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டிருப்பேன்.