திரைக்குப் பின்னால் டைரக்டர் ஜெனரல்

கிழங்கு மற்றும் வேர்ப்பயிர்ப் புள்ளிவிவர இயக்ககத்தில் கம்ப்யூட்டர்கள் படுத்துக்கொண்டதற்கும், வைத்தியின் மனைவி காமாக்ஷிக்குப் பித்தப்பையில் கல் வந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் மத்திய சர்க்காரில் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களை ஒரே ஃபைலில் கட்டிவைப்பது அப்படியொன்றும் பெரிய காரியமல்ல.

வைத்தி அங்கே டெபுடி டைரக்டர். வங்கியில் வேலை பார்த்த காமாக்ஷி போன வருஷம் மாற்றலாகித் திருச்சிக்குப் போய்விட்டாள். கேட்கக்கூடாத ஆளையெல்லாம் கேட்டு, வைத்தியும் திருச்சிக் கிளை அலுவலகத்துக்கு மாற்றல் ஆர்டர் வாங்கிவிட்டார். ஆனால் ஆர்டர் வந்தால் மட்டும் போதாது. டில்லி ஆபீஸ் அவரை ‘ரிலீவ்’ பண்ண வேண்டும். பண்ணும் வரை அவர் திருச்சிக்குச் சொந்தமானவர், ஆனால் டில்லியில் இருப்பவர். ஜனக்புரி ஃப்ளாட்டில் சாமான்களையெல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது. ஒரு குக்கர், ஒரு தட்டு, ஒரு கம்பளி, அவ்வளவுதான் வெளியே.

கல்லை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட ஆள் வேண்டும் என்பதால் காமாக்ஷி ஆபரேஷன் தேதியை ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போட்டுவிட்டாள். மகன் கௌஷிக் டொரான்டோவிலிருந்து ‘டேக் கேர் அம்மா’ என்று எழுதி, கைகூப்பும் பொம்மை ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தான். இப்போது மூன்றாவது தேதி. வருகிற திங்கட்கிழமை.

வைத்தி ரிலீவ் ஆகாததற்குக் காரணம் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

மற்ற ஆபீஸ்களில் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கிறவர்கள் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இங்கே குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஒரு சி.பி.யூ.வுக்குச் சாமந்தி மாலை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, டைரக்டர் ஜெனரல் டாக்டர் ஓங்கார்நாத் பட்நாகர் கையால் வெட்ட வைத்தார்கள். ரிப்பனோடு நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டார் என்று கேன்டீனில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். வெட்டத்தான் பார்த்தார், கேபிள்தான் மசியவில்லை.

“வேகமே நமது மந்திரம்!” என்று பட்நாகர் முழங்கினார். மறுநாளிலிருந்து எதுவும் நகரவில்லை.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றி, டிபன் பாக்ஸை மேஜைக்கடியில் வைத்து, பக்கத்து சீட்காரரின் மருமகளைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். மரவள்ளிக்கிழங்கின் காலாண்டு அறிக்கையை ‘சேவ்’ செய்வதற்குள் தோட்டத்தில் அடுத்த மகசூல் வந்துவிடும் போலிருந்தது.

பட்நாகர் மீட்டிங் போட்டார். மேஜையைச் சுற்றி ஒரு பார்வை ஓட்டி, வைத்தியிடம் வந்து நிறுத்தினார். வைத்தி அப்போது பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“வைத்தியநாதன்ஜி! ஆப் தோ மதராஸி ஹைன். கம்ப்யூட்டர் உங்க ரத்தத்துல ஓடறதே!”

வைத்தியின் ரத்தத்தில் ஓடியது சர்க்கரை மட்டும்தான். வீட்டில் டி.வி. ரிமோட்டைக்கூடக் காமாக்ஷிதான் இயக்குவாள். பிஸ்கட் உடைந்து டீயில் விழுந்தது. அதை எடுப்பதா, பதில் சொல்வதா என்று அவர் யோசிப்பதற்குள் மினிட்ஸில் அவர் பெயர் ஏறிவிட்டது. ‘மந்தநிலை நிவாரண நோடல் ஆபீசர்.’

“சிஸ்டம் வேகமாகட்டும். அன்னிக்கே உங்களை ரிலீவ் பண்றேன். இது என் வாக்கு” என்றார் பட்நாகர். “அதுவரைக்கும் லீவெல்லாம் கேக்கப்படாது.”

வைத்தி கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். வேறு வழி? ப்ளூ லைன் மெட்ரோவில் நின்றபடியே, யாருடைய கோட்டு முழங்கையோ விலாவில் இடிக்க, ஃபோனில் பாட வீடியோக்களாகப் பார்த்தார். அதில் ஒரு பையன் எல்லா வியாதிக்கும் ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க ஃப்ரெண்ட்ஸ்’ என்றான். வைத்தி ரீஸ்டார்ட் பண்ணினார். ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆன்ட்டிவைரஸ்களில் ஒன்றை எடுத்தார். காலையில் மெஷின் எழும்போதே கூடவே எழுந்துகொள்ளும் வேண்டாத சாமான்களையெல்லாம் நிறுத்தினார். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. நின்றிருந்த மாட்டு வண்டி நகர ஆரம்பித்தது, அந்த அளவுக்கு.

பிறகு ஒருநாள், எந்த ப்ரோகிராம் எவ்வளவு தின்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தார். மெமரியையும் ப்ராஸஸரையும் முக்கால்வாசி விழுங்கிவிட்டு முதல் வரியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது ஒரு பெயர்: ‘டி.ஜி. வெல்கம் ஃபைனல் ஃபைனல் டூ’.

திரையில் திறந்திருந்த ஜன்னல்களையெல்லாம் கீழே இறக்கினார். பின்னால் பட்நாகர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரிப்பன் வெட்டிய அன்றைக்கு எல்லா மெஷினிலும் ஏற்றிய வரவேற்பு வீடியோ அது. பட்நாகர் மகளின் கல்யாணத்தை எடுத்த லாஜ்பத் நகர் ஆசாமியே இதையும் எடுத்திருந்தான், சினிமாத் தியேட்டரில் ஓட்டலாம் போன்ற துல்லியத்தில். பட்நாகர் ஒரு சேனைக்கிழங்கு வயலிலிருந்து நடந்து வருகிறார், கைகூப்புகிறார், ‘வேகமே நமது மந்திரம்’ என்கிறார், தலைக்கு மேலே புறாக்கள் பறக்கின்றன. புறாக்கள் கல்யாண வீடியோவில் மிஞ்சியவை. முடிந்ததும் மறுபடி வயலிலிருந்து வருகிறார். சத்தத்தை மட்டும் யாரோ புண்ணியவான் அடைத்திருந்தான். காலையில் மெஷின் எழுந்ததும் கொஞ்சம் தலைகாட்டும்; அப்புறம் எல்லோரும் ஃபைலைத் திறந்து மேலே மூடிக்கொண்டு வேலை செய்ததால் யாரும் அதை நினைக்கவில்லை. ஆனால் எல்லா மாடியிலும், எல்லா மேஜையிலும், அவர் நாள் முழுக்க நடந்து வந்துகொண்டேயிருந்தார்.

வைத்தி அந்த வரியைத் தேர்ந்து நிறுத்தினார். அடுத்த ஃபைலைத் தொட்டதும் அது சட்டென்று திறந்துகொண்டது. பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார்.

நேரே பட்நாகரின் பி.ஏ. விஜயனிடம் போனார். விஜயன் திருநெல்வேலிக்காரர். எல்லா ரகசியமும் தெரிந்தவர். எதுவும் தெரியாத முகம் உள்ளவர்.

“விஜயன், அந்த வீடியோதான்யா கோளாறு!”

“மெதுவாச் சொல்லுங்க சார். அது எல்லாருக்கும் தெரியும்லா.”

“தெரியுமா?”

“காண்ட்ராக்ட் இன்ஜினியர் மொத நாளே பாத்துட்டான். ‘மெஷின் பழசு’ன்னு ரிப்போர்ட் எழுதிட்டுப் போயிட்டான். ஜாயின்ட் டைரக்டர் பாத்தாரு, கண்ணாடி மாத்தணும்னுட்டாரு. எனக்கும் அந்த வரி தெரியுது சார். ஆனா கண்ணுல படல பாத்துக்கிடுங்க.”

“நிறுத்திட வேண்டியதுதானே?”

“ரீஸ்டார்ட் பண்ணினா திரும்ப வந்துரும். அதோட அவரு காலையில ரவுண்ட்ஸ் வாரது எதுக்குன்னு நெனைக்கீங்க? ஒவ்வொரு ஸ்க்ரீனாப் பாத்துக்கிட்டே போவாரு. பல்லு வெளக்கும்போது கண்ணாடி பாக்குற மாதிரி.”

வைத்தி முறைப்படி ஒரு குறிப்பு எழுதி ஃபைலில் அனுப்பினார். டி.ஜி.யின் பெயர் வராமல், வீடியோ என்ற சொல் வராமல், ‘பின்னணியில் இயங்கும் ஒரு காட்சிக் கூறு’ என்று எழுதியிருந்தார். ஜாயின்ட் டைரக்டர் ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்பினார். சர்க்கார் பாஷையில் அதற்கு அர்த்தம், இதை எழுதித் தொலைக்காதே. பேசப் போனபோது அவர் சீட்டில் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வியாழன் மதியம் வைத்தி நேரே பட்நாகரின் அறைக்குப் போனார். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம் கையில் இருந்தது. முப்பது வருஷ சர்வீஸில் அப்படி எத்தனையோ வாக்கியங்களை அவர் இழைத்திருக்கிறார்.

“சார், வரவேற்பு வீடியோ மிக உயர்ந்த தரம். அதைத் தாங்கற யோக்யதை நம்ம மெஷின்களுக்கு இல்லை.”

பட்நாகர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. “அச்சா! அதாவது, மெஷின்கள் என் லெவலுக்கு வரலை.”

“அப்படியும்... சொல்லலாம் சார்.”

“எனக்கு அப்பவே சந்தேகம். சரி, மெஷினை மாத்திடுவோம். எல்லா மாடிக்கும் புதுசு. கமிட்டி, டெண்டர், எல்லாம் முறைப்படி. நோயைக் கண்டுபிடிச்சது நீங்க, நீங்கதான் மெம்பர் செக்ரட்டரி.” எழுந்து வந்து வைத்தியின் தோளைத் தட்டினார். “திருச்சி எங்கேயும் ஓடிப் போகாது, வைத்தியநாதன்ஜி.”

வைத்தி வெளியே வந்து காரிடாரில், தண்ணீர்க் கூலர் பக்கத்தில் நின்றார். ஃபோன் அடித்தது. காமாக்ஷி.

“ஏன்னா, என்ன சொன்னார்?”

“எல்லாருக்கும் புது மெஷின் வாங்கறாராம்.”

“நான் கல்லைக் கேக்கறேன், நீங்க மெஷினைச் சொல்றேள்.”

“அது வந்ததுக்கப்பறம்...”

“எப்போ வரும்?”

வைத்தி கூலர் குழாயைத் திறந்து மூடினார்.

“சரி, நான் டாக்டர்கிட்ட மறுபடி தேதி கேக்கறேன். இந்தத் தடவை அவர் கட்டாயம் சிரிச்சுடுவார்” என்றாள் காமாக்ஷி. குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்தால் தேவலை போலிருந்தது. “நேத்து ராத்திரி உக்காந்துண்டே தூங்கினேன். படுத்தா வலிக்கறது. ஒண்ணு கேக்கட்டுமா? உங்க டி.ஜி. மூஞ்சியாலதான் ஸ்லோன்னு அவர்கிட்ட சொன்னேளா?”

“சொல்ற மாதிரி சொன்னேன்.”

“ம். எங்கிட்டயும் கல்யாணம் ஆனதிலேர்ந்து அப்படித்தானே” என்று அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

வைத்தி திரும்பி நடந்தார். அது வீரம் என்று யாராவது பின்னால் சொன்னால் நம்ப வேண்டாம். வீரத்துக்கெல்லாம் தெம்பு வேண்டும். இன்னொரு வாக்கியத்தை இழைக்க அவருக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். உள்ளே போய், யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். பட்நாகர் வேர்க்கடலை உரிப்பதை நிறுத்தினார்.

“சார், மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை. புதுசு வாங்கினாலும் இதே கதிதான். உங்க வீடியோவாலதான் ஸ்லோ. எடுத்துட்டா இன்னிக்கே எல்லாம் ஓடும்.”

“என்னால?”

“உங்களால.”

“மிஸ்டர் வைத்தியநாதன், ஒரு இயக்ககத்தின் தலைவரோட முகம் வைரஸ்னு சொல்றீங்களா?”

“இல்லை சார். வைரஸா இருந்தா ஆன்ட்டிவைரஸ் எடுத்திருக்கும்.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று வைத்திக்கு உறைத்தது. பட்நாகரின் முகம் சர்க்கரைவள்ளிக்கிழங்கின் நிறத்துக்கு வந்தது. பெல்லை அடித்தார். அது போதாதென்று விஜயனைப் பெயர் சொல்லியும் கத்தினார்.

“இவருக்கு ரிலீவிங் ஆர்டர் அடி! ஆஜ் ஹி! அபி! இன்னிக்கே, இப்பவே! இந்த மனுஷன் முகத்தை நாளைக்கு நான் பாக்கப்படாது. திருச்சில போய் மரவள்ளிக்கிழங்கை எண்ணட்டும்!”

இத்தனை மாதம் நயந்தும் பணிந்தும் கிடைக்காதது, தண்டனையாகக் கிடைத்துவிட்டது. வைத்தி எழுந்து, “தேங்க்யூ சார்” என்று வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

விஜயன் அடிக்க உட்கார்ந்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரிக்கு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“சீக்கிரம்யா.”

“நான் என்ன செய்ய சார்? அஞ்சரைக்கு அவருக்கு சாணக்யபுரில ஒரு ஃபங்ஷன். இப்பக் கெளம்பிருவாரு. கார்ல போகும்போது குளுந்த காத்து பட்டு யோசிச்சாருன்னு வைங்க, இவன விட்டுட்டா டெண்டரை எவன் பாப்பான்னு தோணிரும். காலையில வந்து ஆர்டரைக் கிழிச்சிப்போடுவாரு.”

வட்டம் சுற்றியது. உள்ளே பட்நாகர் டிரைவருக்கு ஃபோன் செய்வது கேட்டது. விஜயன் ஜன்னலைக் கீழே இறக்கிப் பார்த்தார். பின்னால் பட்நாகர் சேனைக்கிழங்கு வயலிலிருந்து வந்து, வைத்தியைப் பார்த்துக் கைகூப்பினார்.

வைத்தி விஜயனின் தோளுக்கு மேலே குனிந்து, மவுஸைப் பிடுங்கி, பட்டியலைத் திறந்து, முதல் வரியை நிறுத்தினார். புறாக்களும் பட்நாகரும் மறைந்தார்கள். ஆர்டர் மளமளவென்று வளர்ந்து, பிரின்டரிலிருந்து சூடாக வெளியே வந்தது. விஜயன் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்த பட்நாகர், அதே கோபத்தோடு, காகிதம் கிழியும்படி கையெழுத்துப் போட்டார்.

விஜயன் திரும்பி வந்து ஆர்டரை வைத்தியிடம் நீட்டினார். மறு கையால் தன் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினார்.

“ஏன்யா? நன்னாத்தானே ஓடிண்டிருக்கு!”

“இந்த வழியாத்தான் சார் போவாரு” என்றார் விஜயன். “எனக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் சர்வீஸ் கெடக்கு.”

வைத்தி ஆர்டரை நான்காக மடித்து உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்காக நின்றார். பின்னால் பட்நாகரின் பூட்ஸ் சத்தம் வந்து, விஜயனின் மேஜையருகே நின்றது. திரையில் தன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். குரலில் வெண்ணெய் திரும்பியிருந்தது.

“விஜயன், நீகூட மதராஸிதானே?”

விஜயன் என்ன பதில் சொன்னார் என்று கேட்க வைத்தி நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. லிஃப்ட் வருவதாகக் காணோம். மாடிப்படியில் இறங்கியபடியே காமாக்ஷிக்கு ஃபோன் போட்டார்.

“டாக்டர்கிட்ட தேதியை மாத்திட்டியா?”

“இல்லை, இனிமேத்தான். ஏன், மூச்சு வாங்கறது உங்களுக்கு?”

“மாத்தாதே” என்றார் வைத்தி. “திங்கக்கிழமை நான் அங்கே இருப்பேன்.”