டேங்குக்குள் அந்தோணியார்

முட்டம் ஷிபு தன் பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை, அது இங்கிலாந்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கோலத்துக்கே கொண்டுவர வருடக்கணக்கில் பாடுபட்டான். ஹெட்லைட்டைக்கூட இணையத்தில் தேடி லண்டனிலிருந்து வரவழைத்தான். நாகர்கோவிலில் பழைய வண்டிகள் போட்டி வந்தது. ஒரிஜினலில் இல்லாத எது இருந்தாலும் மதிப்பெண் போய்விடும்.

பெட்ரோல் டேங்குக்கு மெரூன் பெயின்ட் அடிக்கும் வேலையை, மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் ஏசுஅடிமையிடம் கொடுத்திருந்தான். போட்டிக்கு முந்தின நாள் காலையில் வாங்கப் போனால், பளபளக்கும் டேங்கில் மஞ்சள் எழுத்தில் 'புனித அந்தோணியார் துணை'.

"அண்ணே, என்ன காரியம் செஞ்சீரு! இத ஒடனே அழியும்!"

"பேரு எழுதாத வள்ளம் கடல்ல எறங்குமா மக்கா? புண்ணியவான் பேர நான் அழிக்க மாட்டேன். தைரியம் உண்டும்னா நீயே அழி."

ஷிபு உப்புத்தாளை எடுத்தான். புனிதர் பெயர்மேல் தேய்க்க மனம் வராமல் அதைக் கீழே வைத்தான்.

"அழிக்கண்டாம். மேல ரெண்டு கோட்டு மெரூன் அடியும். அவரு உள்ள இருக்கட்டு."

"அது செரி" என்று ஏசுஅடிமை சந்தோஷமாக பிரஷ்ஷை எடுத்தார்.

போட்டியில் நடுவர் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். டேங்கைத் தடவிய விரல் நின்றது. "உள்ளே ஏதோ எழுத்து தட்டுப்படுதே?"

ஷிபு நடந்ததைச் சொன்னான்.

நடுவர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தோணியார் இந்த வண்டியைவிடப் பழைய ஆள். அவருக்கு மார்க் குறைக்க நான் யாரு?"

முதல் பரிசு ஷிபுவுக்குத்தான். மேடையேறி அவன் கோப்பையை வாங்கியபோது கூட்டத்திலிருந்து ஏசுஅடிமையின் குரல் கேட்டது: "ஏலே, பெயின்ட் அடிச்சவன் பேரையும் மைக்குல சொல்லு!"