ஹேங் ஆகாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டவன் நான். யாரும் கேட்கவில்லை, நானேதான் போட்டேன். "வைரஸ் வராது, ஹேங் ஆகாது" என்று சொந்தக்காரர்கள் முன்னால் மார்தட்டிக்கொண்ட நாளிலிருந்து வீட்டில் எது நின்றுபோனாலும், மிக்ஸி உட்பட, "இதுலயும் லினக்ஸ் போட்டுட்டீங்களா?" என்பாள் என் மனைவி.

அன்று மத்தியானம் மாமனார் கீழ் வீட்டிலிருந்து ஏறி வந்து, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, விழா வீடியோல ஒரு துண்டு வெட்டணும். முடியுமா?"

"என்ன மாமா, முடியுமான்னு கேட்டுட்டீங்க."

என் நாக்கில் சனி உட்காருவது புதிதல்ல.

மாமனார் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஊர்ப் பெயர்களை மூச்சு வாங்காமல், பிசகாமல் ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லியே ஓய்வுக்கு வந்துவிட்டார். அதற்கு முந்தின வாரம்தான் வழியனுப்பு விழா. அத்தைக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் வர முடியவில்லை. திரை எதையும் பார்க்கக் கூடாதென்று டாக்டர் தடை போட்டிருந்தார். அன்றுதான் தடை நீங்கும் நாள். "வந்ததும் முதல்ல உங்க வீடியோவத்தான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, அத்தை என் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

வீடியோவை ஓட்டினேன். நான் எடுத்ததுதான். மாமனார் மேலதிகாரிக்கு நன்றி சொன்னார், டிரைவர்களுக்குச் சொன்னார், டீக்கடைக்காரருக்குக்கூடச் சொன்னார். "எல்லாத்துக்கும் மேல, என் மனைவி..." என்று நிறுத்தினார். தண்ணீர் டம்ளரை எடுத்தார். முழுவதும் குடித்தார். கூட்டம் சிரித்தது. டம்ளரை வைத்தார். "எல்லாருக்கும் நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார்.

"கூச்சப்பட்டீங்கன்னு நெனச்சேன் மாமா."

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேர் வரல மாப்ள. அவ பேரு. வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரி சீட்டப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அவ கண்டுபிடிச்சிடுவா. அவ பாக்கறதுக்குள்ள வெட்டிடுங்க."

லினக்ஸில் வீடியோ வெட்ட எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று இணையத்தில் தேடினேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் தங்கம் என்றதை அடுத்தவர் தகரம் என்றார். முதலில் இறக்கியதில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. மாமனார் ஊமையாக வாயசைத்து ஊருக்கே நன்றி சொன்னார். இரண்டாவது சத்தமும் கொடுத்தது, வெட்டவும் வெட்டியது, சேமிக்கச் சொன்னதும் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மூடிக்கொண்டது. மூன்றாவது சினிமாக்காரர்கள் வைத்திருப்பதாம். திறந்தால் விமானம் ஓட்டுகிற இடம் மாதிரி எங்கு பார்த்தாலும் பட்டன். அது எங்கள் கம்ப்யூட்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த இடத்துக்கு நான் வாழ வரமாட்டேன் என்று படுத்துவிட்டது.

ஒவ்வொன்றையும் சோதிக்க அதே துண்டைத்தான் ஓட்டினேன். மனுஷர் தாம் மறந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு துண்டை வைத்துச் சோதிக்கலாமே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்குப் புத்தி வரவில்லை.

நான்காவது வெட்டியது, சேமித்தது. ஆனால் ஓட்டினால், "என் மனைவி" என்கிறார், மறுநொடியே நிறைந்திருந்த டம்ளர் காலி.

"மந்திரவாதி மாதிரி இருக்கேன்" என்றார் மாமனார். "புதுக் கண்ணோட வரா மாப்ள. மொதல்ல டம்ளரத்தான் பாப்பா."

அந்த இடத்தில் கூட்டத்தைக் காட்டி மறைக்கலாமென்றால், கேமராக்காரர் ஒரு தடவைகூடக் கேமராவைத் திருப்பவில்லை. அந்தப் புண்ணியவான் நான்தான்.

"மனைவிங்கற வார்த்தையோட சேத்து எடுத்துடட்டுமா?"

"டீக்கடைக்காரனுக்கு நன்றி இருக்கும், அவளுக்கு இருக்காது. வீட்ல இருக்க முடியுமா?"

அழைப்பு மணி அடித்தது.

அத்தை செருப்பைக் கழற்றிய கையோடு வந்து திரை முன்னால் உட்கார்ந்தார். வெட்டாத வீடியோவைத்தான் போட்டேன், வேறென்ன செய்ய? டம்ளர் வந்தது. மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "பாருடி உங்கப்பாவ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து 'இங்க பாரு', 'உன்னத்தான்'. அத்தன பேர் முன்னாடி பேர் எங்கேர்ந்து வரும்?"

மாமனாரின் தோள் இறங்கியது. எனக்கும் மூச்சு வந்தது. அதற்குள் அத்தை திரும்பினார்.

"இப்ப நாமதான இருக்கோம். ஒரே ஒரு தடவ சொல்லுங்களேன்."

மாமனார் சிரித்தார். சிரிப்பு அப்படியே நின்றது. கண் மட்டும் என் பக்கம் வந்தது.

எனக்குப் பெயர் தெரியும். எப்படிக் கொடுப்பது? மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் சுவிட்சை என் கால் அமுக்கியது. திரை இருண்டது.

"ஹேங் ஆயிடுச்சு" என்றேன்.

என் மனைவி மெதுவாக என்னைப் பார்த்தாள். "என்ன ஆயிடுச்சு?"

"ஹேங்."

உடனே தன் தம்பிக்கு ஃபோன் போட்டாள். லினக்ஸ் வேண்டாமென்று வருஷக்கணக்காக என்னோடு மல்லுக்கட்டுகிறவன் அவன். விஷயத்தைச் சொன்னாள். அவன் குரல் அறைக்கே கேட்டது.

"அத்தான் வாயாலயா சொன்னாரு? இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."

"ஹேங் ஆயிடுச்சுப்பா" என்றேன், தெளிவாக, அறிவிப்பு மாதிரி.

அத்தை சிரித்த சிரிப்பில் கேட்ட கேள்வியே போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளோடு கீழே இறங்கினார்.

மாமனார் என் பக்கம் குனிந்தார். "ஆஸ்பத்திரி சீட்டு அவ பையில இருக்கு மாப்ள."

என் மாமியார் பெயரை வாழ்க்கையில் முதல் தடவையாக, மாமனார் காதில் சொன்னேன்.

"இங்க பாருங்க, சொட்டு மருந்து விடணும், வாங்க" என்று கீழிருந்து குரல் வந்தது. மாமனார் எழுந்து படியிறங்கினார். முதல் சாஃப்ட்வேரில் வந்ததுபோலவே, சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.