மடியில் இருந்த நான்கு கைகள்

நேர்கோட்டில் பறப்பதில் அவளை விஞ்ச அந்த விமானத்தளத்தில் ஆள் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நில அளவைக்காகப் படமெடுக்கும் விமானத்தைத் தனியாக ஓட்டியவள். விமானத்தின் வயிற்றில் ஒரு காமிரா இருக்கும். அது கீழே உள்ள வயலையும் சாலையையும் கீற்றுக் கீற்றாகப் படம்பிடிக்கும். விமானம் சற்றே ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கீற்று வீண். ஆகவே விமானத்தை இயக்கும் ஸ்டிக்கை அவள் பிடித்த பிடி உடும்புப்பிடி. பக்கத்து இருக்கையில் ஆளும் கிடையாது, பேச்சும் கிடையாது.

அந்த வேலையை இப்போது ஆளில்லா விமானங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. நிறுவனம் அவளுக்குத் தரையில் ஒரு மேசையையும் சுழல் நாற்காலியையும் தர முன்வந்தது. அந்த நாற்காலியில் ஒருமுறை அமர்ந்து பார்த்தாள். அது சுழன்றது, வேறெதுவும் செய்யவில்லை. தொடர்ந்து பறக்க வேண்டுமானால் மிஞ்சியிருந்த வழி ஒன்றே: பிறருக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்றுநர் ஆவது.

அதற்கு எழுத்துத் தேர்வு இரண்டு தாள். பிறகு பறந்தபடியே பாடம் நடத்திக் காட்டும் தேர்வு. முதல் தாள் விமானத்தைப் பற்றியது. அதில் ஒரே ஒரு கேள்வியைத் தவறவிட்டாள். தவறு கேள்வியில்தான் என்று இன்றளவும் சாதிக்கிறாள். இரண்டாம் தாள் மனிதர்களைப் பற்றியது. ஒருவர் எப்படிக் கற்கிறார், ஏன் கற்காமல் போகிறார், அஞ்சி நடுங்குபவரை என்ன சொல்லித் தேற்றுவது என்பவை அதன் பாடங்கள். அதில் தோற்றாள்.

மறுதேர்வுக்குத் தயார் செய்யும் பொறுப்பை அவள் கணவர் ஏற்றுக்கொண்டார். அவர் பல் மருத்துவர். சாப்பாட்டு மேசையில் இருந்த தட்டுகளை ஒதுக்கிவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பழைய வினாத்தாளைக் கையில் எடுத்தார்.

“மாணவர் பயத்தில் ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்கிறார். பயிற்றுநர் முதலில் செய்ய வேண்டியது என்ன? இதுக்கு நீ என்னம்மா எழுதின?”

“ஸ்டிக்க அவர்கிட்ட இருந்து வாங்கிக்கணும்னு.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“சிரிக்காதீங்க டாக்டரே. மனுஷன் பயந்துபோய் இறுக்குறான். வேற என்ன செய்யச் சொல்றீங்க?”

“நீ அதத்தான் செய்வ. கார்ல எனக்குப் பக்கத்துல உக்காந்து பிரேக் மிதிக்கிறவதானே! நீ உக்கார்ற பக்கம் கால் விரிப்பு தேஞ்சு ஓட்டையே விழுந்துடுச்சு. அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாதும்மா.”

“நீங்க ஓட்டுற லட்சணத்துக்கு மிதிக்காம என்ன பண்றது?”

“இத்தன வருஷத்துல ஒரு தடவகூட இடிச்சதில்ல.”

“நான் மிதிச்சதாலதான்.”

பயந்த மாணவராக நடிக்க அவருக்கு நடிப்பே தேவைப்படவில்லை. விளக்கு மாற்ற நாற்காலியில் ஏறினாலும், யாராவது அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பவர் அவர். மனைவியின் விமானத்தில் ஒருநாளும் ஏறியதில்லை. அவள் கவிழ்த்த தட்டை விமான மூக்காகவும் கரண்டியை ஸ்டிக்காகவும் வைத்துப் பாடம் நடத்தினாள். அவர் கரண்டியை முறிந்துவிடும்போல் பற்றினார். அவள் உடனே அதைப் பிடுங்கினாள். அவர் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பக் கொடுத்தாள். இப்படியே பல மாலைகள் கழிந்தன.

“சரி டீச்சர், ஒரு சந்தேகம்” என்றார் ஒருநாள். “நீ கைய விட்டுட்டா அது விழுந்துடுமா?”

“விழாது. கைக்குச் சுமையே தெரியாத மாதிரி ஒரு சின்னச் சக்கரத்தத் திருப்பி வைப்போம். டிரிம்னு பேரு. வச்சுட்டா அது பாட்டுக்குப் போகும். காத்து அசைச்சாலும் பழைய நிலைக்கே வந்துடும். நிலைத்தன்மைனு ஒரு பாடமே இருக்கு. அதுல எனக்கு முழு மார்க்.”

“நீ பாத்திருக்கியா?”

“எத?”

“கைய விட்டுப் பாத்திருக்கியா?”

அவள் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேசைமேல் வைத்தாள். “அடுத்த கேள்விக்குப் போங்க” என்றாள்.

மறுதேர்வில் தேறினாள். அஞ்சுபவரிடமிருந்து எதையும் பறிக்கக் கூடாது, முதலில் பேச்சுக் கொடுத்து அவர் மூச்சைச் சீராக்க வேண்டும் என்று சரியாகவே எழுதினாள். எழுதிய கைக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது தாளில் தெரியாது. விமானத்தில் தெரிந்தது.

பயிற்றுநர்களைப் பயிற்றுவிப்பவர் அவளைவிட ஒன்பது வயது இளையவர். அளந்துதான் பேசுவார் என்பதால் தளத்தில் அவருக்கு ‘மௌனம்’ என்று பெயர். தரையில் அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரைத் தம்பி என்பாள். விமானக் கதவைச் சாத்திய கணமே அவள் மேடம், அவர் சார். இந்த ஒழுங்கை இருவருமே மீறியதில்லை.

பயிற்சி எப்படியென்றால், மௌனம் இடப்பக்க இருக்கையில் மாணவராக அமர்ந்துகொள்வார். அவரிடம் மூன்று வேடங்கள் இருந்தன: எல்லாம் தெரிந்தவர், தூங்கி வழிபவர், பயந்தவர். வலப்பக்க இருக்கையில் அவள் அமர்ந்து, முதலில் தான் ஓட்டிக் காட்டி, பிறகு மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதற்கு ஒரு முறை உண்டு. கொடுப்பவர் “கன்ட்ரோல் உங்க கிட்ட” என்பார். வாங்குபவர் “கன்ட்ரோல் என் கிட்ட” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்ட பிறகே கையை எடுக்கலாம்.

அவள் எல்லாவற்றையும் முறைப்படி சொன்னாள். கையை மட்டும் எடுக்கவில்லை. இரண்டு ஸ்டிக்குகளும் உள்ளே ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றில் சுண்டுவிரல் பட்டாலும் மற்றதில் தெரிந்துவிடும்.

இறங்கியதும் மௌனம் சொன்னார்: “அக்கா, இன்னைக்கும் நான் ஓட்டல. நீங்கதான் ஓட்டினீங்க. நான் சும்மா கை வச்சிருந்தேன்.”

“நான் எங்க தம்பி பிடிச்சேன்? பட்டும் படாமதானே வச்சிருந்தேன்.”

“பட்டுச்சு.”

பறக்கும் தேர்வை நடத்தும் தேர்வாளர் வெளியூர்க்காரர், பருவத்துக்கு ஒருமுறைதான் வருவார். அடுத்த வாரம் வருவதாக இருந்தது. ‘இவரைத் தேர்வுக்கு அனுப்பலாம்’ என்று மௌனம் கையெழுத்திட்டால்தான் அவள் அவர் முன் நிற்க முடியும். இரண்டு முறை கேட்டாயிற்று. இரண்டு முறையும் அவர் தலையை அசைத்துவிட்டார். அடுத்த பருவம்வரை நிறுவனம் காத்திராது. சுழல் நாற்காலி அவளுக்காகத் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

அன்று காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. கழுவித் துடைத்த கண்ணாடிபோல் வானம். அடிவானம் ஒரே இழுப்பில் வரைந்த கோடாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பிசிறின்றித் தெரிந்தது. மௌனம் பயந்தவர் வேடத்தில் இருந்தார். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, குரலை மெலிவாக்கி, “மேடம், இது ஆடுதே” என்று அவ்வப்போது முனகினார். அவள் ஓட்டிக் காட்டியபடியே பேசினாள். சக்கரத்தைத் திருப்பினாள், கையில் சுமை கரைந்தது. ஒப்படைக்கும் நேரம் வந்தது.

“கன்ட்ரோல் உங்க கிட்ட” என்றாள்.

அதே நொடியில், வடக்கிலிருந்து வேறொரு விமானம் வருகிறது என்று வானொலியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. மௌனத்தின் கவனம் முழுவதும் அதில் போயிற்று. வருகிற விமானத்தை நினைவில் குறித்துக்கொள்பவராகத் தலையை ஆட்டினார். அவள் பேசியது அவர் மனத்தில் பதியவே இல்லை. அவளோ அந்தத் தலையாட்டலைத் தனக்கான பதிலாக எடுத்துக்கொண்டாள். இன்றாவது கையை எடுத்தே தீருவது என்று காலையிலிருந்து உருப்போட்டு வந்தவள் அவள். சுட்டுவிட்டதுபோல் கையை இழுத்து மடியில் புதைத்துக்கொண்டாள்.

இருவரும் வடக்கே கண்களை ஓட்டினார்கள். அந்த விமானம் தொலைவில் ஒரு புள்ளியாகத் தோன்றி, விலகி மறைந்தது. அவள் பாடத்தைத் தொடர்ந்தாள்.

“மூக்கு அடிவானத்துக்கு நாலு விரல் கீழ. பாருங்க, அசையவே இல்ல. இப்படித்தான் இருக்கணும்.”

மௌனம் பார்த்தார். அவள் ஓட்டிக் காட்டுவதாகவே நினைத்திருந்தவர், ஒருவழியாக இவள் பிடி தளர்ந்ததே என்று உள்ளுக்குள் வியந்தார். அவளோ, மாணவன் என்றால் இவனல்லவா மாணவன் என்று வியந்தாள். ஒரு காற்று வந்து இடது இறக்கையைத் தூக்கியது. தூக்கிய இறக்கை, யாரோ கூப்பிட்டதற்கு நிமிர்ந்து பார்த்ததுபோல் சற்று நின்று, பதறாமல் தன் இடத்துக்குத் திரும்பியது. மூக்கு மெல்ல உயர்ந்தது, தயங்கியது, தாழ்ந்தது, நாலு விரல் கீழே வந்து அமைந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வளவு மென்மையாக அவள் பறந்ததில்லை. பொறாமையை விழுங்கிக்கொண்டு, “உங்க கை ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றாள்.

“என் கையா?” மெலிந்த குரல் போய்ச் சொந்தக் குரல் வந்தது. “நீங்கதானே மேடம் ஓட்டுறீங்க?”

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

நான்கு கைகளும் மடிகளில் இருந்தன. இரண்டு ஸ்டிக்குகளும் யாருமற்று நின்றன. நின்றன என்பதும் சரியில்லை. காற்று கேட்ட கேள்விக்கு விடை சொல்வதுபோல் இரண்டும் ஒன்றாக இம்மியளவு அசைந்தன, ஓய்ந்தன, மீண்டும் அசைந்தன. வெளியே இறக்கையின் கீழ் ஆறு, பாலம், மேகங்களின் நிழல்கள், கூரைகளில் தேங்கிய மழைநீரின் மினுக்கம் எல்லாம் சீராக நகர்ந்து பின்சென்றன. அடிவானம் கண்ணாடியின் குறுக்கே அசையாமல் இருந்தது. அவள் ஒருத்தி தூக்கிப் பிடித்ததால்தான் இத்தனை ஆண்டுகளும் விழாமல் இருந்தது என்று எதை நினைத்திருந்தாளோ, அது அவளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பாடத்தில் அவளுக்கு முழு மதிப்பெண். அது உண்மை என்பதுதான் இதுவரை தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இருந்ததில்லை. பார்க்கவிடாமல் அவள் கையே மறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு மூச்சுக்குமேல் அந்தப் பார்வை நீடித்திராது. “கன்ட்ரோல் என் கிட்ட” என்று மௌனம் ஸ்டிக்கைப் பற்றினார்.

“கன்ட்ரோல் உங்க கிட்ட.”

“அக்கா” என்றார் அவர். வானத்தில் அவர் அப்படி அழைத்தது அதுவே முதல்முறை. “நீங்க சொன்னத நான் கேக்கல. என் பதில நீங்க கேக்கல. நாளைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் இதச் சொல்லணும்.”

“சொல்லிடுவோம் தம்பி.” அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “அதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாக்கணும். முறைப்படி.”

அவர் பொறுப்பு தன்னிடமே என்று மீண்டும் வாய்விட்டுச் சொல்லி, விரல்களை ஸ்டிக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டார். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாடம் நடத்த வேண்டியவளும் பேசவில்லை; மௌனத்துக்கோ பழக்கம்தான்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் இருவரும் எழுந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார்கள். தவறை மறைத்தால் அது வேறொருவர் உயிரில் போய் முடியும் என்பதால் அங்கே அதுதான் வழக்கம். பின்வரிசையிலிருந்து மெக்கானிக் கேட்டார்:

“அப்போ இந்த மாசச் சம்பளம் விமானத்துக்கா?”

சிரிப்பு அடங்கியதும் புதிய விதி அறிவிக்கப்பட்டது: தலையாட்டல் செல்லாது.

மௌனம் உடனே கையெழுத்திடவில்லை. “தெரியாம எடுத்த கை கணக்குல வராதுக்கா” என்று மீண்டும் அவளை மேலே கூட்டிச் சென்று, மூன்று வேடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். பயந்தவர் மூக்கை மேலே இழுத்தார். அவள் கைகள் அசையவில்லை. “கொஞ்சம் தளர்த்துங்க. அதுக்கு வழி தெரியும்” என்றாள். அவர் தளர்த்தினார். அதற்கு வழி தெரிந்திருந்தது. கீழே வந்ததும், வேறெதுவும் பேசாமல், விமானத்தின் இறக்கைமேலேயே தாளை வைத்துக் கையெழுத்திட்டார்.

அடுத்த வாரம் தேர்வாளரும் பயந்தவராகத்தான் நடித்தார். மௌனம் அளவுக்கு நடிக்கத் தெரியவில்லை என்பது அவள் அபிப்பிராயம். இறங்கியபின் அவர் அவளிடம் ஒன்றே கேட்டார்: “அவ்வளவு நேரம் கைய மடியிலேயே வச்சிருந்தீங்களே, பயமா இல்லையா?”

“பாத்துக்கிட்டு இருந்தேன் சார்” என்றாள். தேறினாள்.

பயிற்றுநராக அவளுக்கு வாய்த்த முதல் மாணவர், விளக்கு மாற்ற அஞ்சும் அந்தப் பல் மருத்துவர். தானாக வந்தார் என்று சொல்லிவிட முடியாது. அந்த நான்கு கைகளின் கதையை மனைவி சொன்னபோது, பாதியில் சிரிப்பை நிறுத்தி, “நிஜமாவா?” என்று கேட்டார், மறுநாளும் கேட்டார், மூன்றாம் நாள், “ஒரு தடவ பாக்கணும்” என்றார்.

ஓடுபாதைக்குப் போகும் வழியில் அவரையே ஓட்டவிட்டாள். விமானம் மஞ்சள் கோட்டின் இருபுறமும் வளைந்து வளைந்து போயிற்று. இந்த வண்டியில் அவள் பக்கத்திலும் பிரேக் உண்மையாகவே இருந்தது. அவள் பாதம் அதன்மேல் ஒருமுறை எழுந்தது, மிதிக்காமல் இறங்கியது.

மேலே போனதும் டிரிம் சக்கரத்தைத் திருப்பினாள். அவர் முகம் வெளிறியிருந்தது; கண்கள் மட்டும் அகன்று, அடிவானத்தை விட்டு அசையாமல் இருந்தன.

“கன்ட்ரோல் உங்க கிட்ட.”

அவர் தலையை ஆட்டினார்.

“தலையாட்டல் செல்லாது டாக்டரே. வாயத் திறங்க.”

வாழ்நாளெல்லாம் பிறரிடம் தான் சொல்லிவந்ததைத் தனக்கே சொல்லக் கேட்டவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, “கன்ட்ரோல் என் கிட்ட” என்றார். வலக்கையை எடுத்து, வலிக்கும் பல்லைத் தொடுபவர்போல், இரண்டே விரல்களால் ஸ்டிக்கைப் பிடித்தார்.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். காற்று வந்து இறக்கையைத் தூக்கிற்று.

“இரு, இரு, ஒண்ணும் பண்ணாத” என்றார் அவர், மூச்சை அடக்கிக்கொண்டு. “வருது பாரு.”