மைத்துனன் எடுத்த முதுகுப் படம்

ஊரே அடங்கிக் கிடந்த நாட்களிலும் அந்த டிரைவரின் பஸ் ஓடியது. காலையில் நர்ஸுகளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டும். மதியம் வேலை முடிந்தவர்களை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பதினோரு வருடமாக அவருக்குச் சொரியாசிஸ் என்ற தோல் படை. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் மாத்திரையில் அது அடங்கியிருந்தது.

தொற்று பரவத் தொடங்கிய மாதம், டெப்போவில் யாரோ செல்போனில் ஒரு செய்தி அனுப்பினார்கள். இந்த மாதிரி மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், நோய் தொற்றினால் ஆள் தப்புவது கஷ்டம் என்று அதில் இருந்தது. அவர் போய் வருவதோ ஆஸ்பத்திரி வாசலுக்கு. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஐந்தாவது வாரம் முழங்கையில் படை மறுபடி ஆரம்பித்தது. பிறகு காதோரம், முதுகு முழுக்க. ஒவ்வொரு நடைக்கும் கையில் தடவிய சானிடைசர் விரலிடுக்கில் நெருப்பாக எரிந்தது. அரிப்பில் தூக்கம் போயிற்று. வீட்டிலும் முழுக்கைச் சட்டையோடே உலாவினார்.

ஒரு நாள் படுக்கை விரிப்பை உதறிய மனைவி, வெள்ளைச் செதில்கள் கொட்டுவதைப் பார்த்தாள். நேராகப் போய் அலமாரியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துவந்து அவர் முன்னால் போட்டாள்.

"எத்தனை வாரமாச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"சொல்லியிருந்தா கடிச்சா தின்னிருப்பேன்?"

"உனக்கும் எதுக்குப் பயம்னுதான்..."

"இப்ப மட்டும் குளுகுளுன்னா இருக்கு?"

ஆஸ்பத்திரியில் தோல் பிரிவை மூடியிருந்தார்கள். வழக்கமாக அவரைப் பார்க்கும் டாக்டரம்மா போனில்தான் கிடைத்தார். "படம் எடுத்து அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். மனைவி எடுத்து அனுப்பினாள். "இது முதுகா, செவுரா?" என்று பதில் வந்தது.

வீட்டில் ஒரு போட்டோகிராபர் இருந்தான். அவள் தம்பி. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். ரெண்டு நாளைக்கென்று அக்காவைப் பார்க்க வந்தவன், வண்டிகள் நின்றுபோனதால் இங்கேயே மாட்டிக்கொண்டான். வேலையில்லாமல் கேமராவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"அவன்கிட்டயா? வேணாம்," என்றார் டிரைவர். இத்தனை வருடத்தில் மைத்துனன் எதிரில் அவர் சட்டையைக் கழற்றியதே இல்லை.

அவன் காதில் விழுந்துவிட்டது. "மாமா, அழுது மேக்கப் கலைஞ்ச கல்யாணப் பொண்ணுங்களையே அழகாக் காட்டினவன் நான். நீங்க கழட்டுங்க."

ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார வைத்தான். வெளிச்சம் திரும்பி முதுகில் விழட்டும் என்று அக்காவை ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னான். படையின் அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்தான்.

"கொஞ்சம் சிரிங்க மாமா."

"முதுகைத்தானேடா எடுக்கறே?"

"சிரிச்சாத்தான் தோள் எறங்குது. வெறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணி பிடித்திருந்த மனைவியும் சேர்ந்து சிரித்ததில் வெளிச்சம் ஆடியது. மைத்துனன் அதட்டினான். கிட்டே வந்து, அவர் தோளை நேராக்கினான். உள்ளங்கை முழுசாகப் படையின் மேல் பதிந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எரியுதா மாமா?"

"இல்லடா," என்றார்.

மறுநாள் டாக்டரம்மா கூப்பிட்டார். "யாருங்க எடுத்தது? நேர்ல பாத்த மாதிரி இருக்கு." மைத்துனன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். டாக்டரம்மா தொடர்ந்தார்: "பயந்தது தப்பில்ல. எங்கிட்ட கேக்காம நிறுத்தினதுதான் தப்பு. ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம். காய்ச்சல், இருமல்னா உடனே எனக்குப் போன். முடிஞ்ச எடத்துல சோப்புத் தண்ணில கை கழுவுங்க. கழுவினதும் களிம்பு."

முதுகுக்குக் களிம்பு தடவுவது மனைவியின் பொறுப்பாயிற்று. அரைமணி நேரம் அவர் எங்கும் தப்ப முடியாது என்பதால், வீட்டு விஷயம் அத்தனையையும் அவள் அப்போதுதான் பேசினாள். அவருக்கும் அது பிடித்திருந்தது.

மாத்திரையை மறுபடி தொடங்கிய மூன்றாம் மாதம் படை மெலிந்து, முழங்கையில் மட்டும் ஓர் அடையாளம் மிஞ்சியது. ரத்த அறிக்கையும் நன்றாகவே வந்தது. "இப்படியே போங்க," என்றார் டாக்டரம்மா. அன்று மதியம் வேலை முடிந்து வந்து சாப்பிட்டவர், பாயில் சாய்ந்ததும் தூங்கிப்போனார். ஒரு முறைகூடச் சொறியவில்லை. அவர் விட்ட குறட்டையில், வண்டி ஓடாததால் இன்னும் ஊர் திரும்பாமலிருந்த மைத்துனனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அவன் வாயைப் பொத்தி, அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.