கயிற்றுப் பாக்கி

நானூற்று ஐம்பது ரூபாய். லப்பைக்குடிக்காட்டுக் கயிற்றுக்கடை பாய்க்கு ராசாங்கம் வைத்துவிட்டுப் போன பாக்கி.

பாய் பந்தலுக்குள் வந்தபோது, செத்தவனின் தம்பி இளவரசன் மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் அப்போதுதான் வந்திருந்தது.

"அண்ணனக் கொன்ன மாடு இனிமே இந்த வூட்டுல நிக்கக் கூடாது. அடிமாட்டுக்கு ஏத்திவுட்டுரலாம்."

உறவுக்காரர்கள் தலையாட்டினார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உண்ணாமலை நிமிரவில்லை. புருசனின் வலது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜல்லிக்கட்டு முடிந்து மாட்டைப் பிடித்து வரும்போது கயிறு அறுத்த தடம் அதில் கறுத்துக் கிடந்தது.

பாய் மஞ்சள் பையிலிருந்து தடித்த பருத்திக் கயிற்றை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"ராசாங்கம் சொல்லித் திரிச்சது, தங்கச்சி. பாதிப் பணம் குடுத்திருந்தாப்ல. மிச்சத்தக் குடுத்துட்டு தம்பி வாங்கிக்கும்னாரு. வரவே இல்ல."

உண்ணாமலை எழுந்து இளவரசன் பக்கம் திரும்பினாள்.

"பாக்கிப் பணத்த ஒங்கிட்டதானடா குடுத்து வுட்டாரு?"

"கட பூட்டியிருந்துச்சு அண்ணி."

"நான் கடையிலயேதான் படுத்துக் கெடக்கேன் தம்பி" என்றார் பாய்.

"ஜல்லிக்கட்டு வீடியோவுல நைலான் கயிறு எடுப்பா இருக்கும்னு அத வாங்கிட்டேன் அண்ணி..."

"மிச்சக் காச என்ன பண்ண?"

மாட்டின் படம் அச்சடித்த புதுப் பனியன் அவன் உடம்பிலேயே இருந்தது.

"பருத்தின்னா உள்ளங்கையில நிக்கும்" என்றாள் உண்ணாமலை. "வேணாம்னா வுட்டுறலாம். ஒன் நைலான் வேர்வையில வழுக்குது. அதான் மனுசன் கையில சுத்திக்கிட்டாரு. மாடு மெரண்டு ஓடுனப்ப அவுக்க முடியல. இப்ப மாட்டு மேல பழிய போடுற. அது வாயத் தொறக்காதுல்ல."

யாரோ இருமினார்கள். இளவரசன் சட்டென்று பணத்தை எடுத்து நீட்டினான்.

"மௌத்து வூட்டுல காசு வேணாம்" என்று பாய் பின்வாங்கினார்.

"வாங்குங்க பாய். இவன் கையாலதான் குடுக்கணும்."

எண்ணாமல் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் அரிவாளோடு கொட்டகைக்குப் போனாள். பெண்கள் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. முடிச்சு இறுகிப்போயிருந்தது. நீல நைலான் கயிற்றை அறுத்து, பின்னாலேயே வந்த இளவரசனின் கையில் கொடுத்தாள். புதுக் கயிற்றைப் பூட்ட மாடு தலையைத் தாழ்த்திக் கொடுத்தது.

அறுந்த கயிற்றை எங்கே போடுவதென்று தெரியாமல் அவன் நின்றான். அவள் மாட்டைப் பழைய இடத்திலேயே கட்டினாள்.